சும்மா கிடக்கும் நிலமல்ல புறம்போக்கு

ஏலகிரி மலையடிவாரத்தில் ஒரு கிராமம். நிலக்கடலை விவசாயிகளுக்கான கூட்டத்தில் மண் பரிசோதனை, ஜிப்சம் இடும் பருவம், விதை நேர்த்தி எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும் நேரம். பெரியவர் ஒருவர் ஊருக்கு மேற்கே தெரிந்த புதர் மண்டிய குன்றைக் காட்டிக் கேட்டார்: "சார், அந்தக் குன்று சும்மாதானே கெடக்குது. கல் குவாரி வெச்சா ஊருக்கு நாலு காசு வரும்னு சொல்றாங்க. நீங்க இன்னா சொல்றீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் ஆடு வளர்க்கும் அம்மா ஒருவர் முந்திக்கொண்டார். "சும்மாவா கெடக்குது? என் முப்பது ஆடு எங்க மேயுது, உங்க வூட்டுத் தோட்டத்துலயா?"

எல்லோரும் சிரித்தார்கள், பெரியவரும் சேர்ந்துதான். ஆனால், அந்தக் குன்று விஷயத்தில் ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்பது அதற்குப் பிந்தைய பேச்சில் தெரிந்தது. ஒரு தரப்புக்கு வேலையும் வருமானமும் வேண்டும். இன்னொரு தரப்புக்கு மேய்ச்சலும் தண்ணீரும் போய்விடக் கூடாது. இரண்டுமே நியாயமான கவலைகள்தான். திருப்பத்தூர் மாவட்டத்தில் வாணியம்பாடி, ஆம்பூர், நாட்றம்பள்ளி, ஆலங்காயம் என எந்தப் பக்கம் போனாலும் இந்தக் கேள்வியை ஏதோ ஒரு வடிவில் கேட்க முடிகிறது. குன்று, ஓடை, ஏரி, மேய்க்கால், மந்தைவெளி, பாலாற்றின் மணல் படுகை ஆகிய அனைத்தும் பதிவேட்டில் புறம்போக்கு. பேச்சு வழக்கில், 'சும்மா கிடக்கும் நிலம்'.

இந்த எண்ணத்தைப் பரப்பியதில் எங்கள் துறைக்கும் பங்கு உண்டு. நாட்டின் நிலப் பயன்பாட்டுப் புள்ளிவிவரம் நிலத்தை ஒன்பது வகையாகப் பிரிக்கிறது. அதில் 'சாகுபடிக்கு உதவாத நிலம்', 'சாகுபடி செய்யத்தக்க தரிசு' என்று தனித்தனி வகைகள் உண்டு. பயிர் வைக்காத இடம் வீணான இடம் என்ற எண்ணத்தை இந்தப் பெயர்களே விதைத்துவிடுகின்றன. நானும் அப்படித்தான் படித்தேன். கிணற்றையும் மண்ணையும் பல ஆண்டுகள் பார்த்த பிறகுதான் அது தவறு என்று புரிந்தது.

குன்று செய்யும் வேலை

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 40,000 லிட்டர். 100 ஏக்கர் குன்றின் மேல் ஒரே நாளில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 2 கோடி லிட்டர். குன்றில் புல்லும் புதரும் இருந்தால் மழைத்துளியின் வேகம் தணிகிறது. வேர்கள் திறந்து வைத்த துளைகள் வழியாக நீர் பாறை இடுக்குகளுக்குள் இறங்குகிறது. மீதி ஓடை வழியாக நிதானமாக ஏரிக்குப் போகிறது. புதரைச் சுரண்டி எடுத்துவிட்டால் அதே 2 கோடி லிட்டரில் பெரும்பகுதி சில மணி நேரத்தில் மண்ணையும் அடித்துக்கொண்டு ஓடிவிடும். ஏரியில் வண்டல் சேரும், கீழ்க்காட்டுக் கிணறுகளில் ஊற்று குறையும். நம் பகுதியின் அடித்தளம் கடினப் பாறை. வண்டல் சமவெளி போல ஆழமான நீர்த்தேக்கம் இங்கே கிடையாது. ஆண்டுதோறும் பாறை வெடிப்புகளில் இறங்கும் மழைதான் நம் கிணற்று நீர்.

தண்ணீரோடு வேலை முடியவில்லை. நெல்லுக்கு ஹெக்டேருக்கு 6.25 டன் பசுந்தழை உரம் இடப் பரிந்துரைக்கிறோம். அந்தத் தழையைத் தந்தவை புங்கனும் ஆவாரையும் எருக்கும் கொளுஞ்சியும். அவற்றில் பெரும்பகுதி பட்டா நிலத்தில் வளர்ந்ததில்லை, ஓடைக்கரையிலும் குன்றின் சரிவிலும் வளர்ந்தது. மாவுக்கும் பூசணி வகைகளுக்கும் மகரந்தச் சேர்க்கை செய்யும் தேனீக்கள் மருந்து அடிக்காத இடம் தேடிக் கூடு கட்டுகின்றன. வயலில் எலி பிடிக்கும் ஆந்தைக்கும் சாரைப்பாம்புக்கும் இருப்பிடம் அந்தப் புதர்தான். நிலக்கடலையில் கம்பளிப்புழுவும் புரோடீனியாவும் வந்த பிறகு கடைக்கு ஓடுகிறோம். அவற்றைத் தின்னும் பறவைகள் தங்கும் இடத்தைப் பற்றி யோசிப்பதில்லை.

ஆவாரையில் தொடங்கிய தோல் தொழில்

நம் மாவட்டத்தின் தோல் தொழிலே காட்டுப் புறம்போக்கில் இருந்து பிறந்ததுதான். குரோமியம் வருவதற்கு முன் தோலைப் பதனிட்டது ஆவாரம்பட்டை. நிறத்துக்கும் மெருகுக்கும் கடுக்காய். பட்டையும் காயும் புதர்க்காடுகளிலிருந்தும் மலைகளிலிருந்தும் வந்தன. அப்படிப் பதனிட்ட தோல் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் உலகச் சந்தைக்குப் போனது.

1970-களின் தொடக்கத்தில் சீதாராமய்யா குழுவின் பரிந்துரையை ஒட்டி, பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுமையாகத் தயாரித்த தோலுக்கும் தோல் பொருளுக்கும் ஊக்கம் கிடைத்தது. குரோம் பதனிடுதல் பரவலானது. வேலைவாய்ப்பு பெருகியது. இன்றும் ஆம்பூர், வாணியம்பாடி பகுதிகளில் பல குடும்பங்களின் உலை கொதிப்பது ஷூ தொழிற்சாலைக்குப் போகும் பெண்களின் சம்பளத்தில்தான். அதை மறுத்துப் பேசுவது நேர்மையாகாது.

ஆனால், கழிவு போன இடம் எது? யாருடைய பட்டா நிலத்திலும் நேரடியாகக் கொட்ட முடியாது. ஓடை, கால்வாய், ஏரி, ஆறு என்று 'யாருக்கும் சொந்தமில்லாத' இடங்களுக்குத்தான் அது போனது. அங்கிருந்து கிணற்றுக்கும் வயலுக்கும் வந்தது. பொது நிலம் கெட்டால் பட்டா நிலம் தப்பாது என்பதைப் பாலாறு நமக்கு அதிக விலை வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுத்தது.

ஒரே வாரத்தில் இரண்டு முடிவுகள்

2025 ஜனவரி கடைசியில், ஒரு வார இடைவெளியில் இரண்டு முடிவுகள் வந்தன. ஜனவரி 23 அன்று மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை மத்திய அரசு ரத்து செய்தது. ஜனவரி 30 அன்று பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொது நிலத்தைக் காக்க நினைக்கும் எந்த ஊரும் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் நம்முடைய பாலாறு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா வாதாடினார். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வழங்கியது. ஒரு கிலோ தோலைப் பதனிடச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாவதும், குரோம் முறையில் சுமார் 170 வகை ரசாயனங்கள் பயன்படுவதும் அதில் பதிவாகியுள்ளன. தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்ற தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையக் கணக்கெடுப்பும் அதில் இடம்பெற்றது. கெடுதல் வருமுன் தடுக்க வேண்டும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற இரு கோட்பாடுகளும் நாட்டின் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. இன்று இந்தியாவில் எந்தச் சுற்றுச்சூழல் வழக்கிலும் வேலூரின் பெயர் வருவதற்கு இதுவே காரணம்.

வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் வயலுக்கு வந்தது என்ன? தீர்ப்பின்படி அமைந்த சூழலியல் இழப்பு ஆணையம் 2001 மார்ச் 7 அன்று 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. பாதிக்கப்பட்டதாக அது கணக்கிட்ட நிலம் 15,164 ஹெக்டேர். வகுத்துப் பாருங்கள். சராசரியாக ஒருவருக்கு 9,200 ரூபாய்கூட இல்லை. அதிலும் விடுபட்டவர்களுக்காக வழக்கு தொடர்ந்து நடந்தது. 2025 ஜனவரி 30 தீர்ப்பில்தான், மீதமுள்ள இழப்பீட்டை மாநில அரசு கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்றும், நிலைமையைச் சீராக்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்றும் உத்தரவானது. வழக்குப் போட்ட ஆண்டிலிருந்து 34 ஆண்டுகள்!

இந்த 34 ஆண்டுகளில் மண் என்ன ஆனது என்று கேட்டால் என்னால் நல்ல செய்தி சொல்ல முடியவில்லை. குரோமியம் பெரும்பாலும் மேல் மண்ணில் ஒட்டிக்கொண்டுவிடும். உப்பு நீரோடு பயணம் செய்யும். சோடியம் மிகுந்த மண்ணில் களித்துகள்கள் பிரிந்து, காய்ந்தால் பாறையாகவும் நனைந்தால் சேறாகவும் மாறும். ஜிப்சம் இட்டால் சோடியத்தை விலக்கலாம், தக்கைப்பூண்டு மடக்கி உழலாம், உப்பைத் தாங்கும் நெல் ரகங்களும் தென்னையும் வைக்கலாம். எங்கள் பரிந்துரை இதுதான். ஆனால், விலகிய உப்பைக் கழுவி வெளியேற்ற நல்ல தண்ணீர் வேண்டும், வடிகால் வேண்டும். கிணற்று நீரே உப்பாக இருந்தால் எந்த ஜிப்சமும் தற்காலிக மருந்துதான்.

77 நாளில் முடிந்த போராட்டம்

இப்போது மேலூர். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் குன்றுகளும் ஏரிகளும் சுனைகளும் நிறைந்த ஊர்கள். சமணர் படுக்கையும் தமிழி கல்வெட்டும் உண்டு. வல்லூறு இனப் பறவைகள், எறும்புத்தின்னி, தேவாங்கு ஆகியவற்றுக்கு வாழிடம். 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அங்கே 193.215 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் அது.

2024 நவம்பர் 7 அன்று அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேர் டங்ஸ்டன் தொகுதியின் ஏல முடிவு வெளியானது. கிராம சபைகள் எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. பாரம்பரியத் தல எல்லையை மட்டும் விலக்கிவிட்டு மற்ற பகுதியைப் பரிசீலிக்கலாம் என்ற யோசனை டிசம்பரில் மத்திய அரசுத் தரப்பிலிருந்து வந்தபோது, 'முழு ஏலமும் ரத்தாக வேண்டும்' என்று விவசாயிகள் உறுதியாக நின்றார்கள். 2025 ஜனவரி 7 அன்று மேலூர் பகுதியிலிருந்து மதுரைக்குப் பெரும் திரளாகப் பேரணி போனார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. ஏல முடிவிலிருந்து 77 நாள்!

அரசியல் சூழலும் உதவியது என்பது உண்மை. என்றாலும், ஏலம் வருவதற்கு முன்பே அந்த ஊரில் மூன்று விஷயங்கள் தயாராக இருந்தன. தங்கள் குன்றிலும் ஏரியிலும் என்ன இருக்கிறது என்ற பட்டியல் இருந்தது. அரசு அறிவிக்கை என்ற காகிதம் இருந்தது. அது 'நம்முடையது' என்று பல ஊர்களுக்கும் தெரிந்திருந்தது. பாலாற்றில் கெட்ட பிறகு நீதி கேட்டோம், மேலூரில் கெடுவதற்கு முன்பே காத்தார்கள்.

நம் ஊரில் என்ன செய்யலாம்?

முதல் வேலை, புல எண் தெரிந்துகொள்வது. 'அந்தக் குன்று', 'அந்த ஓடை' என்று சொல்லும்வரை அது மனுவில் நிற்காது. கிராமத்தின் அ-பதிவேட்டில் ஒவ்வொரு புறம்போக்கின் எண்ணும் பரப்பும் வகையும் இருக்கும். வருவாய்த் துறை இணையதளத்திலும் பார்க்கலாம், கிராம நிர்வாக அலுவலரிடமும் கேட்கலாம். பட்டியல் எடுத்துக்கொண்டு, புலப்படத்துடன் ஊர்ப் பெரியவர்களையும் இளைஞர்களையும் அழைத்து ஒரு நாள் எல்லையை நடந்து பாருங்கள். பதிவேட்டில் மேய்க்கால் என்று இருப்பதும் தரையில் இருப்பதும் ஒன்றுதானா என்பது அன்றே தெரிந்துவிடும்.

இரண்டாவது, பயன்பாட்டை எழுதி வைப்பது. எத்தனை ஆடு மாடு எந்த மாதங்களில் மேய்கிறது, எந்த ஓடை எந்த ஏரிக்குப் போகிறது, எந்தெந்தக் கிணறுகளுக்கு ஊற்று, என்னென்ன மரம், மூலிகை, பறவை என்று ஒரு நோட்டுப் புத்தகம் போதும். உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் 2002-இன்படி உள்ளாட்சி அளவில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிப்பது அதன் கடமை. உங்கள் ஊரில் அந்தப் பதிவேடு இருக்கிறதா, அதில் உங்கள் குன்று இருக்கிறதா என்று கேளுங்கள். பாரம்பரியத் தல அறிவிப்புக்கும் இதே சட்டம்தான் அடிப்படை.

மூன்றாவது, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. ஆபத்து வந்த பிறகு போடும் தீர்மானத்தைவிட, அமைதியான காலத்தில் புல எண்களோடு 'இவை மேய்ச்சலுக்கும் நீர்ப்பிடிப்புக்கும் உரிய பொது நிலம், வகை மாற்றம் கூடாது' என்று போடும் தீர்மானத்துக்கு மதிப்பு அதிகம். தீர்மான நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

நான்காவது, சட்டத்தின் பெயர் தெரிந்திருப்பது. ஏரி ஆக்கிரமிப்புக்குத் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் 2007 உண்டு. பிற அரசு நிலங்களுக்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். ஊர்ப் பொது நிலங்களை மீட்டுக் கிராமத்தின் பொதுப் பயன்பாட்டுக்கே தர வேண்டும் என்று ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஜவ்வாது மலை போன்ற இடங்களில் பழங்குடி மக்களின் கிராம சபைக்கு வன உரிமைச் சட்டம் 2006 இன்னும் வலுவான கருவி. சமூகக் காட்டு வளத்தைக் காக்கவும் மீளுருவாக்கவும் நிர்வகிக்கவும் அது உரிமை தருகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. புறம்போக்கு மீட்பு என்றால் முதலில் கண்ணில் படுவது ஏழையின் குடிசைதான், பல ஏக்கரை வளைத்துப் போட்ட பெரிய வேலி கண்ணில் படுவதில்லை. நிலமற்ற தொழிலாளர்களுக்கும் பட்டியல் சமூகத்தினருக்கும் அரசு ஒதுக்கிய இடம் என்றால் விதிவிலக்கு உண்டு என்று ஜக்பால் சிங் தீர்ப்பே சொல்கிறது. ஏழைகளுக்கு மாற்று இடம் கேட்கும் தீர்மானத்தையும் சேர்த்தே போடுங்கள். ஊர் ஒற்றுமை உடைந்தால் குன்றும் நிற்காது.

காப்பது என்றால் கன்று நடுவது மட்டுமல்ல

பொது நிலத்தைக் காப்பது என்றதும் பொக்லைன் வைத்துப் புதரைச் சுத்தம் செய்து, குழி தோண்டி, வரிசையாகக் கன்று நட்டுப் படம் எடுப்பது வழக்கமாகிவிட்டது. நல்லெண்ணம்தான். ஆனால், ஆவாரை, விராலி, சூரை, காரை, உசிலை வளர்ந்த குன்று ஏற்கெனவே ஒரு காடு. அது உயரமாக இல்லை என்பதற்காக வெறும் நிலம் ஆகிவிடாது. அந்த வேர்களைப் பிடுங்கினால் முதல் மழையிலேயே மேல் மண் போய்விடும்.

செய்ய வேண்டியவை எளியவை. மேய்ச்சல் பரப்பை நான்காகப் பிரித்து, முதல் மழையிலிருந்து புல் விதை முற்றும்வரை ஒரு பகுதியை மூடி வையுங்கள். அடுத்த ஆண்டு அடுத்த பகுதி. மூடிய பகுதியில் மழைக்கு முன் கொழுக்கட்டைப் புல், முயல் மசால் விதைகளைத் தூவலாம். சீமைக் கருவேலம், உண்ணிச்செடி போன்றவற்றை ஒரே நாளில் அல்லாமல் பகுதி பகுதியாக, வேரோடு நீக்கி, அந்த இடத்தில் உள்ளூர்ச் செடி எழும்ப விடுங்கள். ஓடையின் மேல் பகுதியில் கல் தடுப்பு போதும், அதன் போக்கை மாற்ற வேண்டாம். கோடையில் புல்லுக்குத் தீ வைப்பதை ஊர்க் கட்டுப்பாடாக நிறுத்துங்கள்.

அந்த ஏலகிரி அடிவார ஊரில், குவாரி வேண்டும், வேண்டாம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அது ஊர் எடுக்க வேண்டிய முடிவு. ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: குவாரிக் காசு எத்தனை ஆண்டு வரும், குன்று போன பிறகு கீழே எத்தனை கிணறு இருக்கும்? பெரியவர் சற்று யோசித்துவிட்டு, "குன்றுக்குக் கீழ என் கிணறும் இருக்குது சார்" என்றார். பிறகு பக்கத்தில் நின்ற பையனிடம், "அந்தக் குன்று சர்வே நம்பர் இன்னான்னு மொதல்ல பாருடா" என்றார்.

அடுத்த கிராம சபைக்குப் போகும்போது உங்கள் ஊர்ப் புறம்போக்கின் புல எண் பட்டியல் கையில் இருக்கட்டும்.